கக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர்

கம்பெனிக்குள் எப்போதும் சித்திரை.
மேலே தகரம், கீழே நாற்பது பேர்.
பஞ்சு அடைக்கிற மிஷின் தும்மும்போதெல்லாம்
வேர்த்த கழுத்தில் வெள்ளையாய் வந்து ஒட்டும்.
பஞ்சு என்பது பேச்சுக்கு; பாலியஸ்டர்.
உருப்படிக்கு ஒன்றாக, காலருக்குள்
மைனஸ் பதினைந்து என்று சீட்டு வைத்துத் தைக்கிறோம்.
அது எந்தத் திசையில் இருக்கிறதென்று
செக்கிங்கில் ஒருத்திக்கும் தெரியாது.
எனக்குத் தெரிந்த குளிர்
மார்கழியில் ஆறு மணி கம்பெனி பஸ்,
கண்ணாடி இல்லாத சன்னலோரம்.

தம்பி செங்கோட்டுவேலுக்கு
திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை.
இந்தக் கார்த்திகைக்கு போர் போட
இமாச்சலத்தில் மேலே, ரொம்ப மேலே.

காதர்பேட்டையில் தேடினேன்.
எங்கள் கம்பெனி ரிஜெக்ட்டே
கழுத்துச் சீட்டு வெட்டுப்பட்டுத் தொங்கியது.
ஐந்நூற்று ஐம்பது சொன்னான், நானூறில் முடித்தேன்.
இடது கக்கத்தில் தையல் விட்டிருந்தது,
இரண்டு சென்டிமீட்டர்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவள்
நானாகக்கூட இருக்கும்.

"என்ன சாமி இது?"
"ஜாக்கெட்டுமா."
"ஆம்பளப் பையனுக்கா!"
அம்மா சிரித்து முடிக்க நேரமானது.
அவள் கட்சி கம்பளி.
அந்தியூர்ச் சந்தையில் குறும்பர் ஒருவரிடம் வாங்கியது,
கறுப்பு, தொட்டால் கீறும்,
மழை நாளில் ஆட்டுப்பட்டி வாசம்.
"நனஞ்சாலும் இதுக்குச் சூடு போகாது.
அந்தக் காத்தடைச்ச தலகாணிய நம்பிப் போகாத."

தராசில் வைத்தோம்.
கம்பளி மூன்றே கால் கிலோ.
ஜெர்கின் எழுநூறு கிராம்.
வண்டியில் ஆளுக்கு ஒரு பைதான்.

மத்தியான வெயிலில், வாசலில்,
இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான்.
எதிர்வீட்டு நாய் இரண்டுக்கும் குரைத்தது.
"ரெண்டுமே வேகுது,
இதுல எதுன்னு நான் என்னத்தச் சொல்றது?"
பசியில்லாதவனைப் பந்தியில் உட்காரவைத்து
ருசி கேட்ட கதைதான்.
கடைசியில் ஜெர்கின் பைக்குள் போனது.
கம்பளியைப் பைக்கு வெளியே
சைக்கிள் டியூப் போட்டுக் கட்டினாள் அம்மா.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டான்.
குரலில் மூக்கடைப்பு இல்லை.
"கம்பளி எனக்கில்லக்கா, கம்ப்ரசருக்கு.
ராத்திரி அதத்தான் எஞ்சினுக்குப் போத்தி வுடறோம்.
இல்லீன்னா காலைல டீசல் ஒறஞ்ச நெய்யாட்ட நிக்குது.
அது படுத்துக்கிச்சுன்னா எட்டுப் பேத்துக்கும் கூலி இல்ல.
விடியக்காலம் அத எடுத்து நான் போத்திக்குவேன்,
ஒரு டீ குடிக்கற வரைக்கும்.
டீசல் நாத்தந்தான். ஆனா சூடு, அப்படியொரு சூடு.
வெல்டிங்ல நெருப்பு தெறிச்சாலும்
லேசாக் கருகறதோட சரி.
ஜெர்கின்ல பட்டாப் போச்சு,
கையில மட்டும் நாலு ஓட்டை."

"அம்மாகிட்டச் சொல்லட்டா, அவதான் ஜெயிச்சான்னு?"

"இருக்கா, கேளு.
ராடு தூக்கறப்ப கம்பளியக் கட்டிக்கிட்டுத் தூக்க முடியுமா?
அப்ப ஜெர்கின்தான்.
ஆனா உள்ள வேர்த்து ஊத்துது,
ஒரு நிமிசம் கைய ஓச்சு நின்னா வேர்வை அப்படியே ஐஸு.
புத்ராம்னு ஒரு சத்தீஸ்கர் பையன்,
மூவாயிரம் குடுத்து இங்கயே ஒண்ணு வாங்குனான்.
தையல் அத்தன சுத்தம். மூணு நாளா நெஞ்சுச்சளி.
எனக்கு ஒண்ணுமில்ல.
அந்தக் கக்கத்து ஓட்டைல காத்து போயி வருதுக்கா.
இன்னொரு பக்கத்தையும்
பிளேடு வெச்சு நானே பிரிச்சு வுட்டுட்டேன்."

இன்று கனடா ஆர்டர். நீலம்.
நாலு மணிக்குமேல் கண் பூத்துப்போகும்,
விரல்தான் பார்க்கும்.
ஒரு உருப்படியின் இடது கக்கத்தில்
விரல்நுனி வெளியே வந்து நின்றது.
எங்கேயோ ஒருத்தன் பனி வாரிக்கொண்டிருப்பான்,
உள்ளுக்குள் வேர்த்திருப்பான்.
பிரித்தெடுத்த ஸ்டிக்கர்
கட்டைவிரலிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.
சூப்பர்வைசர் செருமினார்.

ஒட்டினேன்.
காதர்பேட்டைக்கு வரட்டும்.